பைனலுக்கு மட்டும் வந்த கதிரை

பச்சைக் கன்வஸ் துணி. மடித்தால் ஒரு நீளப் பைக்குள் அடங்கிவிடும். வலது கைப்பிடியில் தேநீர்க் கோப்பை வைக்க ஒரு வட்டத் துளை. ஈஸ்ட் ஹாமில் பெரியப்பாவின் கடைப் பின்னறையில், குளிர்பானப் பெட்டிகளுக்குப் பின்னால், அந்த மடக்குக் கதிரை வருடம் முழுக்கச் சாய்ந்து கிடக்கும். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு என்று வாங்கியது. கொடியேற்றத்திலிருந்து மற்றத் திருவிழாக்கள் எல்லாவற்றுக்கும் பெரியம்மா தனியாகத்தான் ரயில் மாறி மாறிப் போய் வருவார். "தேர் அண்டைக்குச் சொல்லு, வாறன்" என்பார் பெரியப்பா. தேரன்று கடையைப் பூட்டுவார், சலவை வேட்டி கட்டுவார், கதிரையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். அம்மன் அவரை வருடத்தில் ஒரு நாள்தான் காண்பாள், ஆனால் காணும் அன்று ஆள் வெகு பக்தியாக இருப்பார்.

அண்ணையின் விளையாட்டுக்கும் அதே சட்டம்தான். அண்ணை என்று நான் சொல்வது பெரியப்பாவின் ஒரே மகனை. எனக்கு இரண்டு வயது மூப்பு. ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார் அமெரிக்கன் புட்போல் பழக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் கூராக இருக்கும் அந்தப் பந்து அப்போது அண்ணையின் கையில் ஒட்டியதுதான். பிள்ளை இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று பெரியப்பா குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது, அண்ணையின் பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே அந்தப் பந்தும் வந்தது. "காலால அடிக்காத பந்துக்கு என்னண்டு புட்போல் எண்டு பேர்?" என்று பெரியப்பா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஆனாலும் தடுக்கவில்லை. அண்ணை பல்கலைக்கழகத்தில் விளையாடினார், பிறகு வேலைக்குப் போன காலத்தில் லண்டன் ஓரத்தில் ஒரு சின்னக் கிளப்பில் விளையாடினார். சம்பளம் கிடையாது. ரக்பி மைதானத்தில் இவர்களே கோடு போட்டு, இவர்களே அழித்துவிட்டு வரவேண்டும்.

அவர் அங்கே குவாட்டர்பேக். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கும் இது விளங்க ஒரு கோடைகாலம் எடுத்தது. பக்கத்துக்குப் பதினொரு பேர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். எதிரிப் பக்கத்துத் தடியர்கள் அவரை நிலத்தில் போட்டு நசுக்க ஓடிவருவார்கள். அதற்குள், ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்து எறிய வேண்டும். முன்னால் நிற்கிறவர்கள் தடியர்களைத் தடுக்கவில்லை என்றால் அவரால் எறிய ஏலாது. எறிந்ததை ஓடுகிறவன் பிடிக்கவில்லை என்றாலும் பிரயோசனமில்லை. எதிரிகளின் முறை வந்தால் அவர் வெளியே போய் நின்றுவிட வேண்டும். தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். அதாவது ஒரு மட்சில் பாதி நேரம் அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் போலவே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் தோற்றால் மட்டும் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

நான் ஏறக்குறைய எல்லா மட்சுக்கும் போனேன். விளையாட்டில் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் சொந்தக்காரரும். கறியை மத்தியானம் தவறவிட்டால் இரவு சாப்பிடலாம். சொந்தக்காரரை அப்படி ஒத்திப்போட முடியாது. அதனால் அண்ணையின் காரில் ஏறிவிடுவேன். ஒரு மழை நாள் நன்றாக நினைவிருக்கிறது. பார்க்க வந்த கூட்டத்தில் நாய்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பாதி ஆட்டத்தில் படுமோசமாகப் பின்னால் நின்றார்கள். பந்து கையில் சவர்க்காரம் போல் வழுக்கியது. அண்ணை ஒவ்வொருவரிடமும் போய் ஏதோ மெதுவாகச் சொன்னார், ஒருவனின் ஹெல்மெட்டைத் தட்டினார், பிறகு எறியத் தொடங்கினார். அன்று அவர் எறிந்த பந்துகள் எல்லாம் ஓடுகிறவன் கையை நீட்டும் இடத்துக்குத் தானாக வந்து நின்றன. கடைசியில் வென்றுவிட்டார்கள். சேறு வழிய ஓடிவந்து என் கைபேசியைப் பறித்துத் தகப்பனுக்கு அடித்தார். எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"அப்பா, வெண்டிட்டம்!"

"பைனலோ?"

"இல்லை அப்பா, லீக் மட்ச்."

"ஆ, சரி சரி. வரேக்க பால் ரெண்டு கேஸ் எடுத்துக்கொண்டு வா."

அண்ணை சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வாரக் கடைசியில் கடையைப் பூட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும், அந்தக் கடையை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இருந்தோம். ஆனால் பெரியப்பாவுக்கு அது கடைப் பிரச்சினை மட்டுமில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. தவணைச் சோதனைக்குப் பிள்ளை என்ன செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடைசிச் சோதனை றிசல்ட் வரும் அன்று மட்டும் உலகம் முழுவதிலிருந்தும் போன் வரும். நடுவில் பிள்ளை என்ன பாடுபட்டது, எந்தப் பாடத்தில் தட்டுத்தடுமாறி எழுந்தது என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். பெரியப்பா அப்படி வளர்ந்தவர், அப்படித்தான் வளர்த்தார். "பைனல் வந்தால் சொல்லு ராசா, கடையைப் பூட்டிப்போட்டு வாறன். உந்த லீக்குகளுக்கு எல்லாம் ஆர் வாறது?" என்பார். அண்ணையும் தலையாட்டுவார்.

முதல் பைனலுக்குப் பெரியப்பா சலவைச் சட்டை போட்டு வந்தார். பெரியம்மா மீன் ரோல்சும் வடையும் கொண்டுவந்தார். பாரிஸிலிருந்து வந்திருந்த ஒரு மாமாவும் கூட வந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை விரிந்தது. அன்று அண்ணை நன்றாகத்தான் விளையாடினார். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து எறிந்தார், என் கண் முன்னால் இன்னும் நிற்கிறது, இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியால் போய், ஓடினவனின் இரண்டு உள்ளங்கையிலும் பட்டது. பட்டு, நெஞ்சில் விழுந்து, நிலத்தில் விழுந்தது. பிடித்திருந்தால் கோப்பை இவர்களுக்கு. பந்தைத் தவறவிட்டவன் முழங்காலில் நின்று அழுதான். அண்ணை போய் அவனைத் தூக்கினார். பெரியப்பா கதிரையை மடித்துக்கொண்டே, "எறிஞ்சது இவன் தானே?" என்றார். பிடிக்கவேண்டியவன் விட்டுவிட்டான் என்று நான் கத்தாத குறையாகச் சொன்னேன். "பிடிக்கிற மாதிரி எறிய வேணும் பிள்ளை" என்றார் பாரிஸ் மாமா. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தப் பந்தைக் கண்ட மனிதர்!

இரண்டாவது பைனலில் அண்ணை அணியை முன்னுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே வந்தார். தடுப்பவர்கள் மிச்சம் இருந்த நேரத்தைத் தாண்டினால் போதும். அவர்கள் தாண்டவில்லை. எதிரிகள் அடி அடியாக முன்னேறி வந்து எங்கள் கண் முன்னாலேயே வென்றார்கள். அண்ணை கோட்டோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்வதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. காரில் திரும்பும்போது பெரியப்பா, "பெரிய நாளில உவனுக்குக் கை நடுங்கிறது. வேறொண்டுமில்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சளி பிடிக்கிற உடம்பு என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு வசனம் காரோடு நிற்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனது, கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களின் வாயில் ஏறியது. அண்ணைக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தபோது, பெண் பக்கத்து ஒருவர் பகிடி என்று நினைத்து, "தம்பி பைனலில கோட்டை விடுற ஆளாமே, தாலி கட்டேக்கயும் அப்பிடியோ?" என்றார். சபை சிரித்தது. அண்ணையும் சிரித்தார். அவர் வருடம் முழுக்க வென்றுகொண்டிருந்தார் என்பது அந்தச் சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்கள் கண்டது இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் தோல்வி.

அதன் பிறகு ஒருநாள் பயிற்சி முடிந்து வரும்போது, சிவப்பு விளக்கில் கார் நின்றது. அண்ணை ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் விரித்துப் பிடித்தார்.

"எடி, நீ எல்லா மட்சும் பாத்தனி. உண்மையைச் சொல்லு. எனக்குக் கை நடுங்கிறதோ?"

"உங்களுக்கென்ன விசரா அண்ணை? ஒரு நாளும் நடுங்கேல்லை."

"நீ என்ர பக்கம். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்." பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். கியர் மாற்றிக்கொண்டே, "அப்பா ஒருக்கா நான் வெல்லிறதைப் பாத்தால் போதும். பேந்து விளையாட்டை விட்டிடுவன்" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்குத் தகப்பன் மேல் வந்த கோபத்தில் பாதி மகன் மேலும் வந்தது. முப்பதை எட்டிப்பார்க்கிற ஆம்பிளை, ஒரு அணியையே கையில் வைத்திருப்பவர், ஒரு மடக்குக் கதிரையில் இருக்கப்போகிற மனிதருக்காக ஏங்கினார். இப்போது எங்கள் ஒபிஸில் குளிர்காலத்துத் திங்கட்கிழமைகளில் இரண்டு பேர் அமெரிக்கக் குவாட்டர்பேக்குகளைப் பற்றி வாக்குவாதப்படுவார்கள். இன்னார் எத்தனை கோப்பை, இன்னார் ஒன்றும் இல்லை, அதனால் அவன் பெரிய ஆளே இல்லை என்று. பல வருடம் எறிந்த பந்தெல்லாம் ஒரு பக்கம், ஒரு பின்னேரம் இன்னொரு பக்கம். நான் தேநீர்க் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் எழுந்து போய்விடுவேன். அங்கேயே நின்றால் ஏதாவது சொல்லி வேலையை இழந்துவிடுவேன் என்ற பயம்.

மூன்றாவது தடவையும் பைனலுக்கு வந்தார்கள். அதற்கு முந்திய மட்சில், அரையிறுதியில், அண்ணையின் தலையில் பலமான அடி. எழும்பினார், கையசைத்தார், விளையாடி முடித்தார். தலையில் அடி என்று சொன்னால் சில கிழமைகளுக்கு மைதானத்தில் கால் வைக்க விடமாட்டார்கள், அது அவர்கள் சட்டம். அண்ணை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவருக்குத் தலையிடி, வெளிச்சம் கூசியது, இரண்டு தடவை சத்தி எடுத்தார். வெளியில் வாங்கித் தின்ற சாப்பாடு என்று நினைத்துப் பெரியம்மா மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தார். கூட விளையாடியவன் ஒருவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "அப்பாவிடம் பைனல் என்று சொல்லிவிட்டேன், கடையைப் பூட்டப்போகிறார், இனி எப்படி மாட்டேன் என்பது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் இதைப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்று எங்களுக்குச் சொன்னான்.

அந்தப் பைனல்தான் நான் பார்த்ததிலேயே அண்ணை மிக மோசமாக விளையாடிய மட்ச். வெறும் வெளியில் எறிந்தார். எதிரியின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல் எறிந்தார். ஒருமுறை தண்ணீர்ப் போத்தலை வாங்கும்போது கை நடுங்கியது. போத்தல் மூடி தெறித்து விழுந்தது. அத்தனை வருடத்தில் அதுதான் முதல்தடவை. "பாத்தியே பிள்ளை? நான் சொன்னனான் தானே, நடுங்குது" என்றார் பெரியப்பா. தான் சொன்னது சரி என்ற திருப்தி அந்தக் குரலில் கொஞ்சம் இருந்தது. பிறகு ஒரு அடி. பெரிய அடிகூட இல்லை, தோளோடு தோள் உரசியதுபோல் ஒன்று. அண்ணை தானாக எழுந்து நடந்து வெளியே வந்தார், வாங்குப் பலகையில் இருந்தார், எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருந்தபடியே பக்கவாட்டில் சரிந்தார். பெரியப்பா எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அம்புலன்ஸ் புல்லுக்கு மேலால் வந்து, அவர்கள் காலையில் போட்ட வெள்ளைக் கோடுகளை அழித்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் இப்படி ஆகும் என்றார்கள். மண்டையோட்டைத் திறக்கக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் நடைபாதையில் காத்திருந்தபோது என் கைபேசி அடித்தது. நிறுத்திவைத்த மட்சைப் பிறகு ஆடி முடித்திருந்தார்கள். தடுக்கிற பதினொரு பேரும் அன்று உயிரைக் கொடுத்துத் தடுத்திருக்கிறார்கள். அண்ணையின் அணி வென்றுவிட்டது. நான் சொன்னதும் பெரியப்பா சட்டென்று நிமிர்ந்து, "வெண்டிட்டாங்களோ!" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே, தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சுவரோரம் அப்படியே கீழே குந்திவிட்டார். அவர் நிலத்தில் குந்தியிருந்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

அண்ணை உயிர் தப்பினார். அந்தச் சொல்லை எங்கள் சொந்தக்காரர் நன்றியோடு சொல்வார்கள், நானும் சொல்லப் பழகிவிட்டேன். கிளப்பில் இருந்து வந்த மெடல் பெரியம்மாவின் ஷோகேஸில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "என்னதான் எண்டாலும் பெடியன் கடைசியா வெண்டிட்டான்" என்பார்கள். அவர் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக எறியாத நாள் அது. அந்த நாளை வைத்துத்தான் அவர் வென்றவர். மழையில் ஒரு அணியையே தூக்கி நிறுத்திய நாளுக்கு அவருக்குக் கிடைத்தது பால் ரெண்டு கேஸ். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த ஷோகேஸ் கண்ணாடியை உடைக்க வேண்டும்போல் இருக்கும். பெரியம்மாவின் முகத்துக்காகத் தேநீரைக் குடித்துவிட்டு வருகிறேன்.

அண்ணை இருப்பது லண்டன் ஓரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். பெரியப்பா கடையை விற்றுவிட்டார். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில், அந்தப் பச்சைக் கதிரையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். அந்த அறையில் நல்ல கதிரை ஒன்று இருக்கிறது. முழங்கால் நோவோடு இதை ஏன் சுமக்கிறீர்கள், வைத்துவிட்டு வாருங்கள் என்று நான் ஒருமுறை சொன்னேன். "ஒருநாள் விட்டிட்டுப் போனனான் பிள்ளை" என்றார். "நீங்கள் ஆர் எண்டு கேட்டான். இதை விரிச்சு இருந்தால்தான் அவனுக்கு நான் அப்பா." சொல்லிவிட்டுப் பையின் வாரைச் சரிசெய்தார்.

போன ஞாயிறு நானும் போனேன். அண்ணை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார், எல்லாருக்கும் கொடுக்கிற சிரிப்பு. பெரியப்பா பையைத் திறந்து கதிரையை விரித்தார். கன்வஸ் ஒரு பக்கம் கிழிந்து, பெரியம்மா கறுப்பு நூலால் தைத்திருந்தார். அண்ணையின் பார்வை முதலில் கதிரைக்குப் போனது, பிறகு மெதுவாக முகத்துக்கு ஏறியது.

"அப்பா... இண்டைக்குப் பைனலோ?"

ஆரம்பத்தில் பெரியப்பா இந்தக் கேள்விக்கு, பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று, "ஓம் ராசா, பைனல். நீதான் வெண்டனி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், அண்ணையின் கை இரண்டும் நடுங்கத் தொடங்கிவிடும். எழும்பப் பார்ப்பார், ஹெல்மெட்டைத் தேடுவார், "அப்பா வந்திட்டார், அப்பா பாக்கிறார்" என்று அழுவார். பராமரிப்பாளர்கள் ஓடிவந்து பிடிக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவுக்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்கக் கனகாலம் எடுத்தது.

"இல்லை ராசா" என்றார் இப்போது. "லீக் மட்ச்தான். சும்மா பாக்க வந்தனான்."

அண்ணையின் கைகள் மடியில் அசையாமல் இருந்தன. நம்பமுடியாமல் தகப்பனையே பார்த்தார்.

"லீக் மட்சுக்கோ? அப்ப கடை?"

"பூட்டிப்போட்டு வந்தனான்."

அண்ணையின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு வந்தது. அந்த மழை நாளில் சேறு வழிய ஓடிவந்தபோது நான் பார்த்த அதே சிரிப்பு. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது. திரும்பினார், கதிரையைக் கண்டார்.

"அப்பா... இண்டைக்குப் பைனலோ?"

பெரியப்பா கதிரையில் இருந்து முன்னால் சாய்ந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதலில் இருந்து சொன்னார்.